ஓதுபவரும் எதிரொலியும்: இயந்திரம் ஆக்கும் கலையின் மதிப்பு

2024ஆம் ஆண்டு சனவரி இறுதியில், 'லால் சலாம்' திரைப்படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'திமிறி எழுடா' என்னும் பாடல் வெளிவந்தபோது, கேட்டவர்கள் பலர் ஒரு கணம் திகைத்தனர். அதில் ஒலித்த குரல்களுள் இரண்டு மறைந்தவர்களுக்கு உரியவை. ஒருவர் 2022 செப்டம்பரில் காலமான பம்பா பாக்யா. மற்றவர் 1990களின் பிற்பகுதியில் சாலை விபத்தில் உயிர்நீத்த சாகுல் ஹமீது. 1993இல் வெளிவந்த 'திருடா திருடா' படத்தில், ஏறக்குறைய இசைக்கருவிகளின் துணையே இன்றிக் குரல்களாலேயே கட்டப்பட்ட ஒரு பாடலைப் பாடித் தமிழர் செவிகளில் நிலைத்தவர் அவர். கால் நூற்றாண்டுக்குப் பின் அவர் ஒருபோதும் பாடியிராத ஒரு பாடலை அவருடைய குரல் பாடியது. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றே இது செய்யப்பட்டது என்றும், அவர்களுக்குத் தக்க ஊதியம் வழங்கப்பட்டது என்றும் ரஹ்மான் விளக்கமளித்தார். நெகிழ்ந்தோரும் இருந்தனர், இறந்தவரை இளைப்பாற விடலாகாதா என்று வருந்தியோரும் இருந்தனர்.

அவ்வாண்டிலேயே மேலும் சில நிகழ்ந்தன. சனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல், அவருடைய சகோதரர் யுவன் சங்கர் ராஜாவின் இசையில் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படப் பாடலொன்றில் மீண்டும் ஒலித்தது. 2011இல் காலமான மலேசியா வாசுதேவனின் குரல் 'வேட்டையன்' படத்தில் கேட்டது. இதற்கு மாறாக, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தம் இசைவின்றி ஒரு தெலுங்குப் படத்தில் நகலெடுத்துவிட்டனர் என்று அவருடைய குடும்பத்தார் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினர். 2025 ஆகத்து முதல் நாளன்று 'அம்பிகாபதி' படம், செயற்கை நுண்ணறிவின் துணையால் முடிவு மாற்றப்பட்டுத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. நடித்த தனுஷும் இயக்கிய ஆனந்த் எல். ராயும் அதை ஏற்க மறுத்தனர். இறந்த நாயகன் பிழைத்தெழுவது காண்போருக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எனினும் அக்கதையை ஆக்கியவர்கள் அதைத் தம்முடையதாகக் கருதவில்லை.

ஆக, இயந்திரம் ஆக்கும் இசையையும் ஓவியத்தையும் மக்கள் மதிப்பார்களா என்னும் வினா நமக்குத் தொலைதூரத்து வினா அன்று. இசை கூடுமா கூடாதா, உயிரினங்களின் உருவம் வரைதல் ஆகுமா ஆகாதா என்னும் நெடிய விவாதங்களுக்குள் இங்கு நாம் நுழையப் போவதில்லை. அவற்றுக்கு வேறு ஏடுகள் உண்டு, வேறு அறிஞர்களும் உண்டு. ஒரு பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதே நம் வினா. அதற்கு விடை தேட நம் மரபில் எதிர்பாராத இடங்களில் செய்திகள் கிடைக்கின்றன.

முதலில் செயல்முறையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். மறைந்த பாடகரின் குரலை மீட்கும்போது பெரும்பாலும் நிகழ்வது இதுதான்: அவருடைய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து குரலின் நிறத்தைக் கணினி கற்றுக்கொள்கிறது. பின்னர் உயிருள்ள வேறொரு பாடகர் புதிய பாடலைப் பாடித் தருகிறார். மூச்சு எங்கே விடுவது, எந்தச் சொல்லில் அழுத்துவது, எங்கே குழைவது என்பன எல்லாம் அந்த இரண்டாம் பாடகரின் செயல். அதன்மேல் மறைந்தவரின் குரல்நிறம் போர்த்தப்படுகிறது. இரண்டாவது வகை இதனினும் அப்பால் செல்கிறது. 'சூனோ', 'உடியோ' போன்ற செயலிகளில் நான்கு வரி எழுதிக் கேட்டால், பாடல், மெட்டு, பின்னணி, குரல் அனைத்தும் ஒரு நிமிடத்துக்குள் வந்து விழுகின்றன. அங்கே பாடியவர் என்று ஒருவர் இல்லை. கோடிக்கணக்கான மனிதர் பாடிய பதிவுகளிலிருந்து கற்ற ஓர் ஒழுங்கு மட்டுமே உண்டு. அப்பதிவுகளை எவரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று அமெரிக்காவின் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் 2024 சூனில் வழக்குத் தொடுத்ததும், 2025இல் அவற்றுள் சில அதே செயலிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டதும் வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாம் வாழும் வெள்ளகோவில் பகுதியில் இயந்திரம், கை என்னும் வழக்கு புதிதன்று. கரூரிலிருந்து கோவை செல்லும் நெடுஞ்சாலையில் இவ்வூரைக் கடப்பவர்கள், தெருக்களில் விசைத்தறியின் ஓசை இடைவிடாது கேட்பதை அறிவார்கள். போர்வையும் விரிப்பும் இங்கே கூலிக்கு நெய்யப்படுகின்றன. தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்னும் வீடுகள் பல. ஆகவே, 'இயந்திரம் செய்தது இழிவு' என்று எளிதாகச் சொல்லிவிடும் உரிமை இவ்வூர்க்காரர்களுக்கு இல்லை. நாம் விரித்துப் படுப்பதும் விசைத்தறி விரிப்புதான்.

ஆனால் இதே கொங்கு நாட்டில், காவிரியும் பவானியும் கூடுமிடத்தில், வேறொரு கதை உண்டு. பவானி ஜமக்காளம் பற்றிச் சொல்லும் வரலாறு ஒன்று கவனத்துக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் ஆலைத் துணிகள் வந்து குவிந்து உள்ளூர் நெசவை நசுக்கியபோது, ஜங்கமர் என்னும் நெசவாளர் சமூகத்தினர் தடித்த வண்ணநூலைக் கொண்டு இந்தக் கனத்த விரிப்பை நெய்யத் தொடங்கினர். இன்று பழமையின் அடையாளமாக நாம் காணும் பொருள், இயந்திரத்தின் போட்டியிலிருந்து பிறந்ததே. குழித்தறியில் அமர்ந்து, அகலமான விரிப்பாயின் இருவர் அருகருகே உட்கார்ந்து, நாடாவைக் கைமாற்றி நெய்வார்கள். ஊடுநூல் பாவுநூலை முற்றாக மூடிவிடும். அதனால்தான் அந்த வண்ணப் பட்டைகள் அத்துணை அழுத்தமாகத் தெரிகின்றன.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில பொருள்களைக் கைத்தறிக்கு மட்டுமே உரியவை என்று அறிவித்தது. தொடக்கத்தில் 22ஆக இருந்த அப்பட்டியல் பின்னர் 11ஆகக் குறைந்தது. அந்தப் பதினொன்றிலும் ஜமக்காளம் இடம்பெற்றது. 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் சோலாப்பூர் விசைத்தறிகளில் நெய்த மலிவான விரிப்புகள் பவானிப் பெயரிலேயே விற்கப்படுகின்றன என்னும் குறை நீங்கவில்லை. இதில் நாம் காண வேண்டியது ஒன்றுண்டு. சோலாப்பூர் விரிப்பு வாங்குவோர் ஏமாற்றப்படுவது துணியின் தரத்தினால் மட்டுமன்று. 'பவானி' என்னும் பெயரினால் அவர்கள் ஏமாற்றப்படுகின்றனர். அதாவது, வாங்குவோர் மனத்தில் அப்பெயருக்கு மதிப்பு இருக்கிறது. மதிப்பு இருப்பதனால்தான் அது திருடப்படுகிறது. யாருக்கும் வேண்டாத ஒன்றின் பெயரை எவர் களவாடுவார்?

எனினும் பவானி நெசவாளிக்கு அந்த மதிப்பினால் வயிறு நிறைந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. தறிகள் குறைந்துகொண்டே வந்துள்ளன. மதிப்பதும் விலை கொடுப்பதும் ஒன்றல்ல. கலையைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் வழக்கம் கற்றோரிடமும் உண்டு.

ஆய்வாளர்கள் சிலர் இதனைச் சோதித்தும் பார்த்துள்ளனர். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இயந்திரம் வரைந்த ஓவியங்களையே காட்டி, சிலவற்றுக்கு 'மனிதர் வரைந்தது' என்றும் சிலவற்றுக்கு 'செயற்கை நுண்ணறிவு வரைந்தது' என்றும் மனம்போனபடி பெயரிட்டனர். மனிதர் பெயரிட்டவற்றையே மக்கள் ஆழமானவை, மதிப்புள்ளவை என்றனர். படமோ எல்லாம் ஒரே இயந்திரத்தின் படம். 2024 நவம்பரில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, புகழ்பெற்ற ஆங்கிலப் புலவர்களின் கவிதைகளையும் இயந்திரம் அவர்கள் பாணியில் எழுதியவற்றையும் கலந்து பொதுமக்களிடம் கொடுத்தது. சரியாகப் பிரித்தறிந்த அளவு நூற்றுக்கு ஐம்பதையும் எட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டியிருந்தால் இதனினும் நன்றாக வந்திருக்கும். அதுமட்டுமன்று, இயந்திரத்தின் கவிதைகளே பலருக்கு அதிகம் பிடித்திருந்தன. ஏனெனில் அவை உடனே விளங்கின. புலவனின் கவிதையில் விளங்காத இடத்தை இயந்திரத்தின் பிழை என்று எண்ணிவிட்டனர். ஆயினும், இது இயந்திரம் எழுதியது என்று முன்கூட்டிச் சொன்னபோது மதிப்பெண் இறங்கிற்று.

இம்முடிவுகளைக் கண்டு சிலர், மனிதன் வெறும் பெயருக்கு மயங்குகிறான், பாரபட்சம் காட்டுகிறான் என்று எள்ளுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. 'இதை ஆக்கியவர் யார்' என்று கேட்பது படைப்புக்குப் புறம்பான கேள்வி என்று எவர் சொன்னார்? தமிழிலக்கண மரபில் ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவற்றை நன்னூலார் வகுக்கும்போது, ஆக்கியோன் பெயரை முதலிலும், எவ்வழியில் வந்தது என்பதை அடுத்தும் வைக்கிறார். நூலின் பொருளும் பயனும் பின்னரே வருகின்றன. நூல் அரங்கேறும்போது ஆசிரியர் அவையின் முன் நிற்க வேண்டும். ஐயம் கேட்டால் விடை கூற வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கும் வள்ளல் சீதக்காதிக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் போன்றோர் துணைநின்று அவையைத் தேடித் தர வேண்டியிருந்தது. இயந்திரத்தின் பாட்டுக்கு எந்த அவையில் எவர் எழுந்து நின்று விடை சொல்வது?

ஹதீஸ் கலையில் இது இன்னும் கடுமையானது. ஒரு செய்தியின் சொற்கள் எத்துணை அழகாக இருப்பினும், அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் இஸ்னாத் இல்லையெனில் முஹத்திஸ்கள் அதனை ஏற்பதில்லை. குர்ஆனின் அத்தியாயங்களுடைய சிறப்புகளைப் பற்றி, மக்களைக் குர்ஆனின்பால் ஈர்க்கும் நல்லெண்ணத்துடனேயே செய்திகளைப் புனைந்த நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரின் நிகழ்ச்சி, ஹதீஸ் கலை பயிலும் மாணவர் அறிந்ததே. நோக்கம் நன்று, பொருளும் தீதன்று. ஆயினும் அறிஞர்கள் அவற்றைப் புனைந்துரை என்று ஒதுக்கினர். கேட்போர் உள்ளம் நெகிழ்ந்தது என்பது அவர்களுக்குச் சான்றாகவில்லை.

இவ்விடத்தில் எதிர்த்தரப்புக்கு வலுச்சேர்க்கும் ஒரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். நமக்குச் சாதகமானவற்றை மட்டும் எடுத்து அடுக்குவது நேர்மை ஆகாது. அரபு எழுத்தணிக் கலையின் பேராசான்களுள் ஒருவரான இப்னுல் பவ்வாப், ஷீராஸில் புவைஹித் மன்னர் பஹாஉத் தவ்லாவின் நூலகத்தைக் கவனித்து வந்தார். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி அது. நூலகத்தில், முந்தைய தலைமுறையின் மாமேதை இப்னு முக்லாவின் கையால் எழுதப்பட்ட குர்ஆனின் பகுதிகள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். தேடித் தேடி 29 ஜுஸ்உகளைச் சேர்த்தார். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அதனைத் தாமே எழுதி நிறைவுசெய்வதாக மன்னரிடம் கூறினார். எழுதியதில் எது புதியது என்று கண்டுபிடிக்க இயலாவிடில் நூறு தீனாரும் ஓர் ஆடையும் பரிசு என்று பேசப்பட்டது. நூலகத்திலிருந்த பழந்தாளை ஒத்த தாளைத் தேர்ந்து, எழுதி, பொன்வேலை செய்து, அதைப் பழமையாக்கி, ஒரு பழைய நூலின் அட்டையைக் கழற்றி அதில் கட்டி வைத்தார். ஓராண்டு கழித்து மன்னர் நினைவு வந்து கேட்டார். முப்பது பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தும் அவரால் அறிய முடியவில்லை. வாக்களித்த பரிசோ வந்து சேரவில்லை. இறுதியில் அதற்கு ஈடாக நூலகத்தில் கிடந்த எழுதப்படாத சீனத்துத் தாள்களைக் கேட்டுப் பெற்று, பல்லாண்டுகள் அவற்றில் எழுதினார் இப்னுல் பவ்வாப் என்று வரலாற்றாசிரியர்கள் சுவையாகக் கூறுகின்றனர்.

நகல் மூலத்திலிருந்து பிரித்தறியப்படவில்லை. அப்படியாயின் மதிப்பில் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஆனால் இந்தக் கதையை ஆயிரம் ஆண்டுகளாக நாம் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அந்த முப்பதாம் பகுதியின் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதற்காக. இப்னு முக்லாவின் எழுத்தைப் பல்லாண்டு கற்று, அதன் அளவுகளைத் தம் விரல்களில் ஏற்றிக்கொண்டு, தம் ஆசானின் ஆசான்களுக்குச் செய்த மரியாதை அது. ஹிஜ்ரி 391இல் பக்தாதில் அவர் தம் பெயரிலேயே எழுதி முடித்த முஸ்ஹஃப் இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. பிறர் எழுத்தை மெய்யாகக் கற்றவர் தமக்கென ஓர் எழுத்தையும் கண்டடைந்தார். நாற்பது ஆண்டு பழகிய கை செய்த போலிக்கும், நாற்பது நொடியில் வந்த போலிக்கும் நாம் ஒரே பெயரைச் சூட்டுவது மொழியின் வறுமைதான்.

இனி, ஃபிக்ஹ் நூலொன்றில் உள்ள சிறு மஸ்அலாவுக்கு வருவோம். நம் அரபுக் கல்லூரிகளின் ஆரம்ப வகுப்பு மாணவரும் ஓதும் 'நூருல் ஈளாஹ்', ஹிஜ்ரி 1069இல் மறைந்த எகிப்திய ஹனஃபி அறிஞர் ஷுருன்புலாலி (ரஹ்) அவர்களுடையது. ஸஜ்தா வசனத்தைக் கேட்டவர் மீது ஸஜ்தா கடமையாகும் என்னும் பாடத்தில், யாரிடமிருந்து கேட்டால் என்று ஒரு பிரிப்பு வருகிறது. தூங்குபவன் அல்லது சித்தம் கலங்கியவன் வாயிலிருந்து கேட்டால் கடமையா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு என்கிறார். பறவையிடமிருந்தோ எதிரொலியிலிருந்தோ கேட்டால் கடமை இல்லை என்கிறார். வகுப்பில் இதனை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்கள் சிரிப்பார்கள்; ஸஜ்தா வசனம் ஓதும் கிளியை எங்கே போய்த் தேடுவது என்று. இப்போது அவர்கள் சிரிப்பதில்லை. அக்கிளி அவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

இதில் உள்ள நுட்பம் எண்ணத்தக்கது. எதிரொலி ஒலிக்கவில்லை என்று சட்ட அறிஞர் சொல்லவில்லை. கிளி அழகாக உச்சரிக்காது என்றும் சொல்லவில்லை. செவியில் விழுவது அதே சொல்தான். ஆனால் ஓதுதல் என்னும் செயல் அங்கே நிகழவில்லை. ஓதுதலுக்கு, அறிந்து ஓதும் ஒருவர் வேண்டும். தூங்குபவன் மனிதன்தான், ஆனால் அறியாது ஓதுகிறான். ஆகவேதான் அவனிடத்தில் வந்து அறிஞர்கள் தயங்கி இருவேறு முடிவுக்குப் போயினர். 1961இல் எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்து அது உலகெங்கும் பரவியபோது, ஒலித்தட்டிலும் நாடாவிலும் ஸஜ்தா வசனம் கேட்டால் என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது. ஹனஃபி அறிஞர்கள் பலரும் எதிரொலி மஸ்அலாவையே அடிப்படையாக வைத்துப் பதிவுக்கு ஸஜ்தா இல்லை என்றனர். வானொலியில் நேரலையாக வந்தால் அது ஓதுபவரின் குரலே என்று வேறுபடுத்தினர். அதற்காக ஹுஸரீயின் பதிவை எவரேனும் மதிப்பற்றது என்றனரா? இல்லை. எத்தனையோ ஊர்களில் பிள்ளைகள் தஜ்வீத் திருத்திக்கொண்டது அதைக் கேட்டுத்தான். பதிவுக்கு மதிப்பு வந்தது, அந்த ஒலிக்குப் பின்னால் இஜாஸா பெற்ற ஒரு காரீ இருந்ததனால். ஒலிக்கு ஒன்று, ஓதுதலுக்கு ஒன்று என இரு மதிப்புகள் உண்டு என்பதை நம் முன்னோர் ஒலிப்பதிவுக் கருவி பிறப்பதற்கு மிக முன்பே அறிந்திருந்தனர்.

அச்சுக்கலை வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. மதீனாவில் 1984இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்த் அச்சகம் கோடிக்கணக்கில் முஸ்ஹஃபுகளை இயந்திரத்தில் அச்சிட்டு வழங்கி வந்திருக்கிறது. ஆனால் அப்பக்கங்களின் எழுத்து, சிரியாவிலிருந்து வந்த உஸ்மான் தாஹா என்னும் காத்திபின் கையெழுத்து. அச்செழுத்தைக் கொண்டே முடித்திருக்கலாம். அவர்கள் ஒரு கையைத் தேடினர். நம் பகுதியிலும் கல்லச்சில் வந்த பழைய அரபுத்தமிழ் நூல்களைப் புரட்டினால், அச்சானாலும் எழுதிய காத்திபின் நடுக்கமும் அழுத்தமும் தெரியும். பின்னர் அந்தக் காத்திபுகள் தொழிலின்றிப் போயினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இயந்திர இசை நமக்கு அந்நியம் என்று கருதுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்து ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், நீரின் விசையால் தானே ஊதும் குழல்கருவி ஒன்றை வடிவமைத்து நூல் எழுதினர். சுழலும் உருளையின் முளைகளை மாற்றினால் மெட்டு மாறும். 1206இல் நூலை முடித்த அல்ஜஸரி, விருந்துக்குளத்தில் மிதந்தபடி இசைக்கும் பொம்மைக் கலைஞர்களின் படகை விவரித்துள்ளார். அவற்றைக் கண்டவர்கள் வியந்தனர். ஆனால் குழலூதும் பொம்மையின் பெயர் வரலாற்றில் இல்லை; பனூ மூஸாவின் பெயரும் ஜஸரியின் பெயரும் உள்ளன. செயற்கை நுண்ணறிவிலும் மதிப்பு இவ்வாறு கருவியை விட்டு அதை ஆக்கியவரையும் ஆள்பவரையும் போய்ச்சேரும் என்று எதிர்பார்க்கலாம். 'திமிறி எழுடா'வைக் கேட்டவர்கள் பேசியது ரஹ்மானைப் பற்றியும் சாகுல் ஹமீதைப் பற்றியும்தான்; மென்பொருளைப் பற்றிப் பேசியவர் சிலரே. ஆனால் உண்மையில் பாடித் தருபவர் இருக்கிறாரே, அந்த இரண்டாம் பாடகர், அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மூச்சு அவருடையது, புகழ் மறைந்தவருடையது. இந்த அநீதியைப் பற்றி இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

குடும்பத்தாரின் இசைவு குறித்தும் ஒரு சொல். இசைவு பெற்றதும் ஊதியம் தந்ததும் நல்ல முன்மாதிரி. அதனைச் செய்யாதவர் பலர் உள்ள காலத்தில் அது பாராட்டத்தக்கதே. 2024 சூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், ஒருவரின் குரலை அவர் இசைவின்றி இயந்திரத்தால் நகலெடுப்பதற்குப் பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் உயிருடன் இருப்பவர், மறுக்க முடிந்தது. மறைந்தவரின் குரல் வாரிசுகளுக்குச் சேருமா? பரம்பரைச் சொத்துரிமை பற்றிய நம் சட்ட நூல்களில் இதனை ஒத்த விவாதம் உண்டு. வணிகத்தில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் விருப்புரிமையைத் தனக்கென ஒதுக்கிக்கொண்ட ஒருவர் இறந்துவிட்டால், அவ்வுரிமை வாரிசுக்கு வரும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். வராது என்பது ஹனஃபி மத்ஹப். விருப்புரிமை என்பது நாட்டமும் எண்ணமும் மட்டுமே, நாட்டம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இடம்பெயராது என்பது ஹனஃபிகள் கூறும் காரணம். இதனைப் பாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், மகனும் மகளும் தமக்குரிய ஆட்சேபத்தை விட்டுக்கொடுக்கலாம். ஊதியம் பெறுவதும் தவறில்லை. ஆனால் இந்தப் பாடலைப் பாட வேண்டும் என்னும் நாட்டத்தைத் தந்தையின் சார்பில் அவர்களால் கொடுக்க இயலுமா? ஷாஃபிஈ வழிநின்று சிந்திப்போர் வேறு விடை காணலாம். நமக்கு ஹனஃபிகளின் காரணமே இங்கு வலுவாகத் தோன்றுகிறது.

மக்கள் மதிப்பார்களா என்னும் வினாவுக்கு நம் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம். பயன்படுத்துவார்கள், மிகுதியாகப் பயன்படுத்துவார்கள். கடைத்திறப்பு விழாவுக்கு, தேர்தல் வண்டிக்கு, தொலைபேசியில் காத்திருக்கும் நேரத்துக்கு, விளம்பரத்துக்கு இயந்திர இசை போதும். விசைத்தறி விரிப்பில் நாம் உறங்குவது போல அதில் மக்கள் காலம் கழிப்பார்கள். 2025 நடுவில் 'வெல்வெட் சன்டவுன்' என்னும் பெயரில் வந்த, ஆளே இல்லாத ஓர் இசைக்குழுவை 'ஸ்பாட்டிஃபை' தளத்தில் மாதந்தோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கேட்டனர். செய்தி வெளியானபோது பலர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தனர். பாட்டு அதேதான், ஒலி அணுவளவும் மாறவில்லை. அவர்கள் இழந்தது, பாட்டுக்குப் பின்னால் இருப்பதாக நம்பியிருந்த ஆளை.

நமக்குக் கவலை அந்தப் பெரிய சந்தையைப் பற்றியது அன்று. கொங்குப் பகுதி ஊர்களில் நிக்காஹ் வீடுகளிலும் மீலாது மேடைகளிலும் பாட வரும் சிறிய பாடகர்கள் உள்ளனர். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் கணீர்க் குரலைக் கேட்டு வளர்ந்து, தஃப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பேருந்துக் கட்டணமும் ஒருவேளைச் சோறும் சிறு அன்பளிப்பும் பெற்று ஊர்ஊராகச் சென்றவர்கள். மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் வைத்து வாழ்த்துப்பா கட்டித் தரும் உள்ளூர்க் கவிஞர்களும் உண்டு. தளை தட்டும், எதுகை இடறும், அச்சகத்தார் பிழை சேர்ப்பார். ஆனாலும் அத்தாளைச் சட்டம்போட்டு மாட்டிய வீடுகள் உண்டு. அண்மையில் ஒரு திருமணத்தில் வாழ்த்துப்பாடல் ஒலிபெருக்கியில் ஒலித்தது. பெயர்கள் சரியாக இருந்தன, எதுகை பிசகவில்லை, குரலும் இனிமை. யார் எழுதியது என்று கேட்டோம். மணமகனின் தம்பி கைப்பேசியைக் காட்டினார். பந்தியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், முன்பெல்லாம் வாழ்த்துப் பாடியவருக்குச் சோறு போட்டு அனுப்புவோம், இதுக்கு யாருக்கு இலை போடுறது தம்பி என்றார். அந்தப் பாட்டு நன்றாக இருந்ததா என்று அவர் பேசவே இல்லை.

உலமாக்களின் குரலை நகலெடுத்து அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லவைப்பது இதனினும் ஆபத்தானது. பாடலில் நேரும் போலி ரசனையைக் கெடுக்கும். மார்க்கத் தீர்ப்பில் நேரும் போலி ஒரு குடும்பத்தின் தலாக்கையோ வாரிசுப் பங்கையோ கெடுத்துவிடக்கூடும். கேட்ட குரல் அறிந்த குரல் என்பதனால் மட்டும் எதனையும் ஏற்கும் காலம் போய்விட்டது. எழுத்துமூலம், பெயரும் நாளும் கையொப்பமும் உள்ள ஃபத்வாவின் பழைய முறைக்கு மதிப்புக் கூடும் என்றே தோன்றுகிறது.

அடையாளமிடுவது பற்றிச் சில முயற்சிகள் நடந்துள்ளன. 'டீசர்' என்னும் பிரெஞ்சு இசைத்தளம் 2025 சூன் முதல் இயந்திரம் ஆக்கிய இசைத்தொகுப்புகளின்மேல் அவ்வாறே குறிக்கத் தொடங்கியது. 2025 அக்டோபரில் நம் நாட்டு மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட விதித்திருத்த வரைவு, செயற்கையாக ஆக்கப்பட்ட ஒலியாயின் அதன் தொடக்கப் பத்தில் ஒரு பகுதியிலேயே அறிவிப்பு வேண்டும் என்று முன்மொழிந்தது. கைத்தறிக்கு 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரையின் உறவுமுறைதான் இவையெல்லாம். முத்திரை நெசவாளியைக் காப்பாற்றிவிடாது என்பதைப் பவானியில் கண்டோம். ஆயினும் முத்திரை இல்லாவிடில் விலை கொடுக்க விரும்புவோருக்கும் வழியில்லை.

சட்டம் வரும்வரை நம் ஜமாஅத்துகளும் கல்லூரிகளும் காத்திருக்கத் தேவையில்லை. மலர்களிலும் ஒலிநாடாக்களிலும் குறுந்தகடுகளிலும் முன்பு இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர், உடன் தஃப் அடித்தவர் எனப் பெயர்களை நிரலாக அச்சிடுவார்கள். கைப்பேசிக்குப் பாட்டு மாறியதும் அந்த வழக்கம் மறைந்துவிட்டது. நம் விழாக்களில் ஒலிக்கும் பாடல்களுக்கும், மேடையில் அறிவிக்கும்போதேனும், அந்நிரலை மீண்டும் சொல்லத் தொடங்கலாம். இயந்திரம் ஆக்கியதாயின் அதனையும் கூச்சமின்றிச் சொல்லலாம். பாடித் தந்த இரண்டாம் பாடகர் எவரேனும் இருப்பின் அவர் பெயரையும் விட்டுவிடாமல்.